முந்தி வந்த பார்சலைப் பிரிக்குமுன்

சொன்ன தேதிக்குப் பிந்தி வரும் பார்சலுக்கு எல்லாரும் கத்துகிறோம். முந்தி வரும் பார்சலுக்கு யாரும் வாய் திறப்பதில்லை. சிரித்த முகத்தோடு வாங்கிப் பிரித்துவிடுகிறோம். ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் என்று தேனி மாவட்டத்தின் இந்த மலையடிவார ஊர்களிலிருந்து யோசனை கேட்டு வருகிறவர்களின் காகிதங்களைப் பார்க்கும்போது, முந்தி வந்த பார்சலில்தான் ஆட்கள் வசமாக மாட்டியிருக்கிறார்கள். அதிலும் முன்பதிவு செய்த டிஸ்க் விவகாரம் திரும்பத் திரும்ப வருகிறது. விளையாட்டு டிஸ்க், விண்டோஸ், ஆன்டிவைரஸ், கடைக் கணக்கு மென்பொருள், எதுவானாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்று ரகமாக வருகிறார்கள். முதல் ரகம், கல்லூரிப் பையன்கள். இன்னும் வெளியாகாத விளையாட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள். வெளியீட்டு நாளுக்கு ரெண்டு வாரம் முன்பே டிஸ்க் வந்துவிடுகிறது. சீலைக் கிழித்து, உள்ளே இருக்கும் ரகசிய எண்ணோடு படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு, வெளியீட்டு நாள் வரைக்கும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அன்றைக்குப் போட்டுப் பார்த்தால் டிஸ்க் ஓடாது, இல்லை வேறு மாடலுக்கான டிஸ்க். கடைக்காரன் 'ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது' என்கிறான்.

இரண்டாவது ரகம், அப்பா அம்மாக்கள். மகன் எதற்கோ முன்பதிவு செய்திருக்கிறான் என்று தெரியும். 'கேஷ் ஆன் டெலிவரி' என்று பெட்டி வந்ததும் அதுதான் என்று நினைத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளே எழுத்தில்லாத வெற்று சிடி, அல்லது அதுகூட இல்லாமல் கனத்துக்கு வைத்த அட்டைத் துண்டு. உண்மையான பார்சல் அடுத்த வாரம் வந்து நிற்கும்.

மூன்றாவது ரகம், கடை வைத்திருப்பவர்கள். 'அண்ணாச்சி, புது வெர்ஷன், கம்பெனிக்காரனே இன்னும் விடலை, உங்களுக்கு இப்பவே போட்டுத் தர்றேன்' என்று ஒருவன் வருவான். பில் கேட்டால் சிரிப்பான்.

ஊர் நிலவரம் தெரிந்தால்தான் இது ஏன் இங்கே இவ்வளவு நடக்கிறது என்று புரியும். வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் வாரக்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. தோட்டத்துக்குள் பாதி இடத்தில் சிக்னல் எடுக்காது என்பதால் ஆர்டரில் வீட்டு போன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். டெலிவரி பையன் மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்தி, 'பாட்டி, பார்சல் வந்திருக்கு, மெசேஜ்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க' என்பான். பாட்டி பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். பிள்ளை ஆறு எண்ணையும் சத்தமாக வாசிக்கும். பார்சல் இன்னும் வண்டிப் பைக்குள்ளேயே இருக்கும், ஆனால் 'வாடிக்கையாளர் பெற்றுக்கொண்டார்' என்று கம்பெனிக் கணக்கில் ஏறியாயிற்று. பிறகு பெட்டிக்கடையில் வைத்துவிட்டுப் போனாலும், பெட்டி கிழிந்திருந்தாலும், நீங்கள் பேசுவது காற்றோடு பேசுவதுதான்.

பெட்டியைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். இதை இந்தக் கட்டுரையில் இன்னும் ஒருமுறையாவது சொல்வேன்.

வெளியீட்டு நாள் என்பது யார் போட்ட கட்டு?

ஒரு பொருளுக்கு வெளியீட்டு நாள் குறிப்பது தயாரித்த நிறுவனமும் அதை விற்கும் கடைகளும் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். வாங்குகிற நீங்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் கடைக்காரன் அவசரப்பட்டு முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அந்த ஒப்பந்தத்தை மீறியவன் அவன். பணம் கட்டி, பில் வாங்கி, பொருளைக் கையில் பெற்ற உங்கள்மேல் குற்றம் எதுவும் இல்லை.

உலகத்தில் இது பலமுறை நடந்ததுதான். 2009 அக்டோபர் 22-ல் விண்டோஸ் 7 வெளியானபோது, பிரிட்டனில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் நெருங்குகிறது என்று பெட்டிகளை முன்கூட்டியே தபாலில் சேர்த்தார்கள். சிலருக்கு வெளியீட்டு நாளுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. 2013-ல் ஜிடிஏ 5 விளையாட்டு செப்டம்பர் 17-ல் வர வேண்டியது. அமேசானின் பிரிட்டன் கிளையில் முன்பதிவு செய்த சிலருக்குச் சில நாள் முன்பே டிஸ்க் போய்ச் சேர்ந்தது. எப்படி நடந்தது என்று விசாரிப்பதாகத் தயாரிப்பு நிறுவனம் சொன்னது. வாங்கியவர்கள் பாட்டுக்கு விளையாடினார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 2005 ஜூலையில் கனடாவின் கோக்கிட்லம் என்ற ஊரில் ஒரு பல்பொருள் அங்காடி, ஹாரி பாட்டர் ஆறாம் புத்தகத்தின் 14 பிரதிகளை வெளியீட்டு நாளுக்கு முன்பே விற்றுவிட்டது. பதிப்பாளர் கோர்ட்டுக்குப் போய், வாங்கியவர்கள் அதைப் படிக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது என்று தடையுத்தரவே வாங்கினார். காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் படிக்காதே என்கிறதே கோர்ட் என்று உலகம் சிரித்தது. சிரித்தாலும் அது கோர்ட் உத்தரவு. நமக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அப்படி ஒரு உத்தரவு கையில் இல்லாமல், போனில் மிரட்டுகிறவன் பேச்சுக்குப் பயந்து பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. 'சார், தப்பா முன்னாடியே அனுப்பிட்டோம், டிஸ்க்கைத் திருப்பித் தாங்க, இல்லேன்னா போலீஸ் வரும்' என்று போன் வந்தால், 'எழுத்தில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லி வையுங்கள். அப்படிப் பேசுகிறவன் கடைக்காரனாகவே இல்லாமல் இருக்கலாம்.

ஒரு விலக்கு உண்டு. ஒன்று ஆர்டர் செய்து தவறுதலாக இரண்டு வந்துவிட்டால் இரண்டாவது உங்களுடையது ஆகாது. தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரவேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த வீட்டுக்காரர் பார்சல் உங்கள் கைக்கு வந்தாலும் அதே கதைதான். 'லக்கு அடிச்சிருச்சு' என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. டிஸ்க் உங்களுடையது, அதிலுள்ள படைப்பு உங்களுடையது கிடையாது. வெளியீட்டுக்கு முன் வந்துவிட்டதே என்று அதை நகலெடுத்து டெலிகிராமில் ஏற்றினால் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-ஆம் பிரிவு பாயும். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றத்தில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீன் தானாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. சொந்த உபயோகத்துக்குப் பாதுகாப்பு நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. அதைத் தாண்டாதீர்கள்.

முந்தி வந்தால் என்ன கெட்டுப்போகிறது?

நிறையக் கெட்டுப்போகிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளைப் பாருங்கள். பொருள் பழுதாக இருந்தால், போலியாக இருந்தால், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாவிட்டால், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தால், திருப்பி எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. முந்தி வந்தால் என்ன என்று ஒரு வரி கிடையாது. யாரும் அதை ஒரு பிரச்சினையாகவே நினைக்கவில்லை.

பிரச்சினை எங்கே என்றால், ரிட்டர்ன் நாள் கணக்கு வெளியீட்டு நாளிலிருந்து ஓடுவதில்லை, டெலிவரி நாளிலிருந்து ஓடுகிறது. ஏழு நாள் ரிட்டர்ன் என்று வையுங்கள். டிஸ்க் பதினைந்து நாள் முன்னால் வந்துவிட்டது. இப்போதைய விளையாட்டுகள் பலவும் நிறுவனத்தின் சர்வர் திறந்த பிறகுதான் ஓடும். 2022-ல் வந்த கால் ஆஃப் டியூட்டி விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் சுமார் 70 எம்பி மட்டுமே இருந்தது. மீதி அத்தனையும் இணையத்தில் இறக்க வேண்டும். டிஸ்க் என்ற பெயரில் உங்கள் கையில் இருப்பது வெறும் சாவி. பூட்டு திறக்கும் நாளுக்கு முன் அந்தச் சாவி சரியா தவறா என்று சோதிக்க வழியே இல்லை. பூட்டு திறப்பதற்குள் ரிட்டர்ன் நாள் போய்விடும்.

ஆகவே முந்தி வந்த அன்றே, ஆமாம் அன்றே, விற்றவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். ஆப்பில் உள்ள உதவிப் பகுதியிலும் போடலாம், குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலும் போடலாம். இவ்வளவு போதும்: 'ஆர்டர் எண் இன்னது. வெளியீட்டு நாள் இன்னது என்று நீங்கள் காட்டியிருந்தீர்கள். பொருள் இன்ன தேதியிலேயே வந்துவிட்டது. வெளியீட்டு நாள் வரை இதைச் சோதிக்க இயலாது. ஆகவே மாற்று மற்றும் திருப்பிக் கொடுக்கும் காலத்தை வெளியீட்டு நாளிலிருந்து கணக்கிட வேண்டும். இல்லையேல் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு உரிய நாளில் அனுப்பவும்.' பதில் வராமல் போகலாம். வந்தால் நல்லது, வராவிட்டால் அது இன்னும் நல்ல சாட்சி. குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே விதி. போனில் பேசித் தீர்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். போனில் பேசுகிற பையனோ பெண்ணோ ரொம்ப மரியாதையாகப் பேசுவார்கள். அடுத்த வாரம் அப்படி ஒருவர் பேசியதாகவே பதிவு இருக்காது.

பிரிக்கும்போது ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். முதலில் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள், அதிலுள்ள பார்சல் எண், அனுப்பியவர் முகவரி. பிறகு நாலு பக்கமும் டேப். பிறகு வெட்டுவது. உள்ளே டிஸ்க் உறையின் சீல். அங்கே நிறுத்துங்கள். வெளியட்டையில் இறக்குமதி செய்தவர் அல்லது தயாரித்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம் வருடம், புகார் எண் எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை இருக்க வேண்டும். இல்லையென்றால் சீலை உடைக்கவே உடைக்காதீர்கள். மென்பொருளில் சீலை உடைத்தால் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகப் பல நிறுவனங்கள் வைத்துக்கொள்ளும். அட்டையில் இந்த விவரங்கள் இல்லாததற்கே தனியாகப் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். இப்படி ஒரு அலுவலகம் இருப்பதே தராசு வைத்திருக்கும் கடைக்காரர்களைத் தவிர யாருக்கும் தெரிவதில்லை.

லேபிள் ஒட்டிய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். புகார் கொடுக்க வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் அது இருப்பதில்லை. 'அட்டைதானேன்னு வெந்நி அடுப்புல வச்சுட்டோம்' என்பார்கள். எரிந்தது அட்டை இல்லை, அனுப்பியவன் முகவரி.

வராத ஆர்டருக்கு வந்த பெட்டி

போலி கேஷ் ஆன் டெலிவரி விவகாரத்துக்கு வருகிறேன். உங்கள் பெயர், போன், முகவரி எப்படியோ ஒருவன் கைக்குப் போய்விடுகிறது. உங்களுக்கு ஏதோ பார்சல் வரவிருக்கிறது என்ற ஊகத்தில் ஒரு பெட்டியைக் கட்டி, பணம் வசூலிக்கும்படி கூரியரில் போட்டுவிடுகிறான். சிறு தொகைதான் இருக்கும். சிறு தொகைக்காக யார் அலைவார்கள் என்பதுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்கை நாம் பொய்யாக்குவதே இல்லை.

வீட்டில் இருக்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள்: முன்பணம் முழுசாகக் கட்டிய பொருளுக்கு வாசலில் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது வேறு பெட்டி, வாங்க வேண்டாம். பெட்டியைப் பார்க்காமல் ஓடிபி சொல்ல வேண்டாம். இந்த ரெண்டையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாலும் தப்பில்லை.

பணம் கொடுத்தே விட்டீர்களா? அன்றே செய்தால் பலன் உண்டு. வாசலில் வாங்கும் பணம் உடனே அனுப்பியவன் கைக்குப் போய்விடாது. கூரியர் நிறுவனங்கள் அதைச் சேர்த்து வைத்து, சில நாள் கழித்துத்தான் கணக்கு முடிக்கும். ஆகவே லேபிளில் உள்ள பார்சல் எண்ணைக் குறிப்பிட்டு, 'இது நான் கேட்காத பொருள், அனுப்பியவருக்குப் பணத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வையுங்கள்' என்று கூரியர் நிறுவனத்தின் குறைதீர் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், கூடவே பிரித்த வீடியோ. தபால்காரர் மூலம் வந்திருந்தால் போஸ்ட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போடத் தயங்குவார்கள். விடாதீர்கள். டெலிவரி பையனோடு சண்டை வேண்டாம். ஒரு பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்று வெயிலில் ஓடுகிற பிள்ளை, அவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஜிபே, போன்பே என்று யுபிஐயில் பணம் போயிருந்தால் முதல் வேலை 1930-க்கு போன். எந்த நேரமும் எடுப்பார்கள். வங்கிக் கணக்கு எண், பணம் போன நேரம், பரிமாற்ற எண் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இது மணிக்கணக்கில் முடிகிற வேலை. நாளைக்கு மேனேஜரைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும். தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகாரைப் பதிந்து, ஒப்புகை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டாகிராமில் 'வெளியாகுமுன் டிஸ்க்' என்று முன்பணம் கேட்கிறவர்கள் இப்போது பெருகுகிறார்கள். ஜிடிஏ 6 விளையாட்டுக்கு 2026 நவம்பர் 19 என்று 2025 நவம்பரில் நிறுவனம் அறிவித்தது. இந்த மாதிரி பெரிய பெயர்கள்தான் தூண்டில் புழு. இன்னும் வெளியாகாத ஒன்றின் டிஸ்க்கை வெளியாகுமுன்பே தருகிறேன் என்று நியாயமான வழியில் ஒருவன் உங்களுக்கு விற்க முடியாது. இது தெரிந்தும் பணம் அனுப்புகிற படித்த பிள்ளைகளைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க' என்று அனுப்பப் பார்ப்பார்கள். பொருளே இல்லாமல் பெட்டி அனுப்பிப் பணம் பறிப்பது ஏமாற்றுக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு. மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வழக்குப் பதிய மறுத்தால் மனுவின் சாரத்தை எழுதி மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. 'எங்க எல்லை இல்லை' என்ற பேச்சுக்கும் அதே பிரிவில் இடம் இல்லை.

மூன்றாவது ரகத்துக்குச் சுருக்கமாக. ஏலக்காய் வியாபாரிகளே, கணினியில் இருப்பது உங்கள் ஏல நம்பர், லாட் எடை, விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ஜிஎஸ்டி கணக்கு. போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏலமே கம்ப்யூட்டரில் நடக்கிற காலத்தில், ஊர் பேர் தெரியாதவன் கொண்டுவந்த டிஸ்க்கை, அதுவும் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்கிற டிஸ்க்கை, எப்படி மனசு வந்து உள்ளே விடுகிறீர்கள்? திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனியாக 63பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. விற்கிறவனுக்கு மட்டும்தான் சட்டம் என்று நினைக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது எப்படி

பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். 'ரிட்டர்ன் நாள் முடிந்துவிட்டது' என்று கடை சொன்னதும் உரிமையே முடிந்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ரிட்டர்ன் நாள் கடைக்காரன் போட்ட கணக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்குக் கொடுப்பது, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு. இரண்டு ஆண்டு! பில்லில் ரிட்டர்ன் காலம் எதுவும் குறிப்பிடவில்லை என்றால் பழுதான பொருளை 30 நாள் வரை திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். பல சிறு தகராறுகள் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் இது தீர்ப்பு இல்லை. 1915-ல் புகார் நிலுவையில் இருக்கிறது என்று நீங்கள் காத்திருந்தாலும் அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை மறக்காதீர்கள்.

அடுத்து நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, வெள்ளைத்தாளில் நீங்களே எழுதலாம். விற்றவர், விற்க இடம் கொடுத்த தளம், இருவருக்கும். எந்தத் தேதியில் என்ன வாங்கினீர்கள், என்ன வந்தது, என்ன கேட்கிறீர்கள், எத்தனை நாளுக்குள் வேண்டும், அவ்வளவுதான். பழைய பதிவுத்தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஆகவே ஸ்பீடு போஸ்ட்டில், பதிவு வசதியோடு, டெலிவரி சான்றும் வேண்டும் என்று கவுன்ட்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மை மங்கிவிடும், அன்றே ஜெராக்ஸ் எடுங்கள்.

பதில் இல்லையென்றால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவன் பெங்களூருவில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. 'கேஸ் அங்கதான் போடணும், எங்க டெர்ம்ஸ்ல போட்டிருக்கு' என்று நிறுவனம் எழுதினால் அலட்டிக்கொள்ளாதீர்கள். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. யாராவது 'ஃபீஸ்' என்று கேட்டால் ரசீது கேளுங்கள், பேச்சு நின்றுவிடும்.

புகார்க் கட்டு இப்படி இருக்கட்டும். மேலே பொருளடக்கம். பிறகு தேதி வாரியான ஒரு பக்கக் குறிப்பு: முன்பதிவு நாள், சொன்ன வெளியீட்டு நாள், டெலிவரி நாள், நீங்கள் எழுதிய நாள், அவர்கள் பதில் சொன்ன அல்லது சொல்லாத நாள். முந்தி வந்த விவகாரத்தில் வழக்கின் உயிரே இந்த ஒரு பக்கம்தான். அதன்பின் புகார், அதன்பின் உண்மை என்று உறுதி கூறும் பிரமாணப் பத்திரம். பிறகு ஆவணங்கள்: பில், பணம் கட்டிய சான்று, வெளியீட்டு நாள் தெரியும்படி எடுத்த ஆர்டர் பக்கப் படம், லேபிளின் படம், கடிதங்கள், தபால் ரசீது. ஆர்டர் பக்கத்தை முன்பதிவு செய்த அன்றே படம் எடுத்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கத்தில் தேதி மாறிவிடும். போனிலிருந்து எடுத்த படம், வீடியோ எல்லாவற்றுக்கும் மின்னணு ஆதாரச் சான்று ஒன்று இணைப்பது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் 63-ஆம் பிரிவு அதைப் பற்றிச் சொல்கிறது, படிவம் அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. எதிர்தரப்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல் தொகுப்பு வேண்டும்.

இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் புகாரை ஏற்றலாம். முன்பிருந்த இ-தாக்கில் இப்போது இதற்குள் வந்துவிட்டது. வக்கீல் கட்டாயம் இல்லை. பயமாக இருந்தால் லட்சுமிபுரத்தில் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு போன் போடுங்கள். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தரவேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வர முடியாதவர்கள் வீடியோ கான்பரன்ஸ் மூலம் ஆஜராக அனுமதி கேட்டு மனுக் கொடுக்கலாம். காரணத்தை எழுதுங்கள். கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

வியாபாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை: வியாபார லாபத்துக்காக வாங்கியதற்கு நீங்கள் 'நுகர்வோர்' இல்லை என்று எதிர்தரப்பு முதல் வாதமாக வைக்கும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சிறு கடை என்றால் சட்டத்தின் விளக்கம் உங்களைக் காப்பாற்றும். அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ஒரே ஆள் ஊர் முழுக்க இதைச் செய்திருக்கிறான் என்றால் தனித்தனியாக அலையாதீர்கள். பலருக்கும் பொதுவான பாதிப்பை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் கலெக்டருக்கு இருக்கிறது. திங்கட்கிழமை மனு நாளில் நாலைந்து பேர் சேர்ந்து, பிரிவு எண்ணை மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் அது ஏதோ ஒரு துறைக்கு 'உரிய நடவடிக்கைக்காக' போய் அங்கேயே தூங்கும்.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் போன பிறகு பதில் சொல்ல 30 நாள், ஆணையம் மனது வைத்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது. பொருளை ஆய்வுக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். ஆனாலும் ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த மூன்று மாதத்தைப் பணிவாக நினைவுபடுத்துவதில் தப்பில்லை. தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எதிர்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகலாம், போவதென்றால் கொடுக்கச் சொன்ன தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்பீலும் போகாமல் பணமும் தராமல் இருந்தால், அதே மாவட்ட ஆணையத்தில் 71-ஆம் பிரிவில் நிறைவேற்று மனு, 72-ஆம் பிரிவில் தண்டனை கோரும் மனு. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தீர்ப்பை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, 'அவங்களா அனுப்புவாங்க' என்று இருக்கிறவர்களும் நம் ஊரில் உண்டு. அனுப்ப மாட்டார்கள். அப்பீல் நாள் முடிந்த மறுநாளே அந்த ரெண்டு மனுவையும் போட்டுவிடுங்கள்.